புதிதாகப் பணியில் சேர்ந்த ஆசிரியருக்குச் சங்கம் எப்படி உதவும்? தருமபுரி, கிருஷ்ணகிரி ஆசிரியர்களுக்கு ஒரு வழிகாட்டி

பணியேற்பு அறிக்கையில் கையெழுத்துப் போட்ட சில வாரங்களுக்குள் ஏதாவது ஓர் ஆசிரியர் சங்கத்தின் வட்டாரப் பொறுப்பாளர் ரசீதுப் புத்தகத்தோடு பள்ளிக்கு வந்துவிடுவார். அடுத்த வாரம் இன்னொரு சங்கத்திலிருந்து வேறொருவர் வருவார். புதியவர்களில் பலர் யார் முதலில் வந்தாரோ அவரிடமே சேர்ந்துவிடுகிறார்கள், அல்லது தலைமை ஆசிரியர் எந்தச் சங்கமோ அதில் சேர்கிறார்கள். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை சந்தா கட்டுவதோடு சரி. ஊதியம் நின்றாலோ மெமோ வந்தாலோதான் சங்கத்தின் நினைவு வரும். அப்போது கையில் ஒரு காகிதமும் இருக்காது.

சங்கத்தால் செய்யக்கூடியவை நிறைய. அலுவலகத்தில் தூங்கும் கோப்பை எழுப்பும், விளக்கக் கடிதம் எழுதக் கற்றுத் தரும், நன்றாகக் கற்பிப்பவரை நாலு பேர் முன்னால் நிறுத்திப் பாராட்டும். ஆனால் உங்களுக்காகப் பேச வருகிறவரின் கையில் கொடுக்க வேண்டிய ஆவணத்தை நீங்கள்தான் வைத்திருக்க வேண்டும். உரிமையைக் கேட்பதற்கும் அது வேண்டும், விருதுக்கு விண்ணப்பிப்பதற்கும் அதுதான் வேண்டும்.

இரண்டு வகை அமைப்புகள்

நம் ஊரில் ஆசிரியர் சங்கம் என்றாலே பணிச்சங்கத்தைத்தான் நினைக்கிறோம். ஊதியம், பதவி உயர்வு, மாறுதல், ஓய்வூதியம் ஆகியவற்றுக்காக அரசோடு பேசும் அமைப்பு அது. தமிழ்நாடு ஆரம்பப் பள்ளி ஆசிரியர் கூட்டணி, தமிழக ஆசிரியர் கூட்டணி முதலியவை தொடக்கக் கல்வியில் இயங்குபவை. பட்டதாரி ஆசிரியர்களுக்கும் முதுகலை ஆசிரியர்களுக்கும் தனித்தனிக் கழகங்கள் உண்டு. தொடக்கக் கல்விச் சங்கங்கள் பல சேர்ந்த கூட்டு மேடை டிட்டோஜாக். ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் சேர்ந்தது ஜாக்டோ-ஜியோ. இவை இரண்டும் கூட்டமைப்புகள் என்பதால் தனி ஆளாக அவற்றில் சேர முடியாது. அவற்றில் உள்ள ஏதாவது ஒரு சங்கத்தின் உறுப்பினராகத்தான் நீங்கள் அங்கே இடம்பெறுவீர்கள்.

மற்றொரு வகை பாடச் சங்கம். கணிதம், ஆங்கிலம், இயற்பியல் என்று பாடவாரியாகக் கற்பித்தலை மேம்படுத்த ஏற்பட்டவை இவை. இவை மாறுதலுக்கு மனு எழுதித் தரமாட்டா. பணிச்சங்கம் பின்னங்களை எப்படிக் கற்பிப்பது என்று சொல்லித் தராது. ஒவ்வொரு வகையிலும் ஒன்றில் சேர்வது நல்லது. இதில் பாடச் சங்கத்தின் பக்கமே பெரும்பாலான ஆசிரியர்கள் போவதில்லை. இரு மாவட்டங்களுக்கும் அது பெரிய இழப்பு.

எதில் சேர்வது

முதலில் உங்கள் பணியிடம் எது என்று தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். இடைநிலை ஆசிரியரா, பட்டதாரி ஆசிரியரா, முதுகலை ஆசிரியரா என்பது ஒன்று. ஊராட்சி ஒன்றியப் பள்ளியா, அரசுப் பள்ளியா, உதவிபெறும் பள்ளியா, ஆதிதிராவிடர் நலப் பள்ளியா, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியா என்பது இன்னொன்று. சித்தேரி மலையில் பழங்குடியினர் நலத்துறைப் பள்ளியில் சேர்ந்தவருக்குப் பணி தொடர்பான ஆணைகள் பள்ளிக் கல்வித் துறையிலிருந்து வருவதில்லை. வட்டாரக் கல்வி அலுவலகத்தை மட்டும் அறிந்த ஒரு சங்கம் அவருக்கு அதிகம் பயன்படாது. துறையும் பணியிடமும் பொருந்தும் சங்கமே உதவும்.

அடுத்து, வட்டாரக் கிளை உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். மாநிலத் தலைமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் உங்கள் ஊதிய உயர்வு நின்றால் ஓடி வருபவர் பென்னாகரத்திலோ ஊத்தங்கரையிலோ இருக்கும் வட்டாரச் செயலாளர்தான். சந்தா கேட்டு வருகிறவரிடம் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்: கடைசியாக வட்டாரக் கூட்டம் எப்போது நடந்தது? சங்கத்தின் பதிவு எண் என்ன? வரவு செலவுக் கணக்கைப் பொதுக்குழுவில் வைக்கிறார்களா? பொறுப்பாளர் தேர்தல் எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை? பெண் ஆசிரியர்கள் எந்தப் பொறுப்பில் இருக்கிறார்கள்? தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட அமைப்புகள் பொதுவாக 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்படுகின்றன. அந்தச் சட்டப்படி ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கையும் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். ஒழுங்காக நடக்கும் சங்கத்தின் பொறுப்பாளர் இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்க மாட்டார்.

பெண் ஆசிரியர்களைப் பற்றிய கேள்வி ஒப்புக்குச் சேர்த்தது அல்ல. பெட்டமுகிலாளத்திலோ வத்தல்மலையிலோ பணிபுரியும் ஒரு பெண் ஆசிரியரால் மாலை ஆறு மணிக்கு ஒன்றியத் தலைநகரில் நடக்கும் கூட்டத்துக்கு வர முடியாது. கூட்டத்தை விடுமுறை நாளில் காலையில் வைக்கும் கிளையில்தான் அவருடைய குறை பேசப்படும்.

சேரும்போது செய்ய வேண்டியவை

உறுப்பினர் படிவத்தில் பெயர், பிறந்த தேதி, பணியிடம், பணியேற்ற நாள், கல்வித் தகுதி ஆகியவற்றைப் பணிப்பதிவேட்டில் உள்ளபடியே எழுதுங்கள். சந்தாவுக்கு எண் போட்ட ரசீது வாங்குங்கள். அதைப் படம் எடுத்து வைத்தால் போதாது, காகிதமாகவே கோப்பில் சேருங்கள். பொறுப்பாளர் தேர்தலில் வாக்குரிமைக் கேள்வி எழும்போது தொடர்ந்து சந்தா கட்டியதற்கு அதுதான் சான்று. மாநாட்டு நிதி, கட்டட நிதி, வழக்கு நிதி என்று தனியாகக் கேட்டால் அவற்றுக்கும் தனித்தனி ரசீது வேண்டும்.

இரண்டு விஷயங்களை யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒன்று, மூலச் சான்றிதழ்கள். நகல் போதும். இரண்டு, எமிஸ் (பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளம்), களஞ்சியம் (ஊதியம், பணி விவரங்களுக்கான அரசுத் தளம்) ஆகியவற்றின் கடவுச்சொல். 'நானே பதிவு போட்டுத் தருகிறேன்' என்று அன்போடுதான் கேட்பார்கள். ஆனால் மாறுதல் விண்ணப்பத்தில் ஒரு தவறான விருப்பம் பதிவாகிவிட்டால் அது உங்கள் கணக்கிலிருந்து போனது என்பதே ஆவணம். பக்கத்தில் உட்கார்ந்து வழிகாட்டச் சொல்லுங்கள், விசையை நீங்களே அழுத்துங்கள்.

பணிப்பதிவேடு முதலில்

சங்கத்தின் மூத்த உறுப்பினர் ஒருவரிடம் முதல் ஆண்டில் கேட்க வேண்டிய உதவி ஒன்று உண்டு: பணிப்பதிவேட்டை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்வது. பத்தாண்டு கழித்து வரும் சிக்கல்களில் பாதிக்கு முதல் மூன்று ஆண்டுகளில் விடுபட்ட ஒரு பதிவுதான் காரணம்.

பணியேற்ற நாள் முற்பகலா பிற்பகலா என்று எழுதப்பட்டிருக்க வேண்டும். சான்றிதழ்களின் உண்மைத்தன்மை அறிக்கை வந்து சேர்ந்ததா என்று பாருங்கள். அது வராமல் பணிவரன்முறை ஆணை, அதாவது நியமனத்தை முறைப்படுத்தும் ஆணை, தாமதமாகும். பணிவரன்முறை தாமதமானால் தகுதிகாண் பருவம் முடித்த ஆணையும் தள்ளிப்போகும். தகுதிகாண் பருவம் என்பது மூன்று ஆண்டு தொடர் பணிக்குள் இரண்டு ஆண்டு பணி. எந்த விடுப்பு அதில் கழியும் என்பதை அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது. ஆண்டு ஊதிய உயர்வு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று காலாண்டின் முதல் நாளில் வரும். உங்களுக்கு எந்தக் காலாண்டு என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பதவியில் பத்தாம் ஆண்டில் தேர்வுநிலை, இருபதாம் ஆண்டில் சிறப்புநிலை என்று ஊதிய நிலை உயரும். இரண்டும் தானாக வந்துவிடாது. உரிய படிவத்தில் கருத்துரு (முன்மொழிவு) போக வேண்டும்.

விடுப்புக் கணக்கையும் ஆண்டுதோறும் சரிபாருங்கள். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 17 நாள் ஈட்டிய விடுப்பு. அதில் எடுத்ததும் மீதியும் பதிவேட்டில் இருக்க வேண்டும்.

புதியவர்கள் அதிகம் இடறி விழும் இடம் உயர்கல்வி. பணியில் சேர்ந்த பிறகு தொலைநிலையில் முதுகலை படிக்க விரும்பினால் சேருவதற்கு முன்பே துறையின் அனுமதி வாங்க வேண்டும். பட்டம் வாங்கிய பிறகு அனுமதி கேட்டால் அந்தப் பட்டம் பதவி உயர்வுப் பட்டியலுக்கு ஏறுவது பெரும்பாடு. படிப்புக்கு விண்ணப்பிக்கும் நாளில் அனுமதி ஆணையின் நகல் கையில் இருக்கட்டும்.

குறையை எழுதும் முறை

சங்கப் பொறுப்பாளரிடம் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று நினைப்பது வழக்கம். அவர் அலுவலகத்துக்குப் போய்க் கேட்பார். அங்கே 'மனு வந்திருக்கிறதா?' என்பார்கள். இல்லை என்றால் பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆகவே மனு முதலில், சங்கம் பிறகு.

மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். அனுப்புநர், பெறுநர் எழுதிய பின், 'வழி: தலைமை ஆசிரியர்' என்ற வரி கட்டாயம். அது இல்லாமல் நேரே முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்பிய மனு, உரிய வழியில் வரவில்லை என்று திரும்பிவிடும். பொருள் ஒரே வரியில் இருக்கட்டும்: '1.10 முதல் ஆண்டு ஊதிய உயர்வு அனுமதிக்கக் கோருதல்' என்பதுபோல். 'பார்வை' என்ற தலைப்பில் அரசாணை எண், நாள், அல்லது முந்தைய செயல்முறைகளின் (அலுவலக ஆணையின்) ந.க. எண் எனப்படும் கோப்பு எண், நாள் எழுத வேண்டும். சங்கத்தின் உதவி உண்மையில் தேவைப்படுவது இந்த இடத்தில்தான். எந்த அரசாணையின் எந்தப் பத்தி உங்களுக்குப் பொருந்தும் என்பது மூத்த பொறுப்பாளர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். உடலில் மூன்று பத்தி போதும்: நடந்தது என்ன, விதி என்ன, வேண்டுவது என்ன. கீழே இணைப்புகளை எண் போட்டு எழுதுங்கள்.

இரண்டு படி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். தலைமை ஆசிரியர் மேலே அனுப்பிய நாளையும் கேட்டுக் குறித்துவைக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து ஒரு நினைவூட்டல் கடிதம். அதன் பிறகு முத்திரை வாங்கிய நகலோடு வட்டாரச் செயலாளரைப் பாருங்கள். வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று படிப்படியாகச் சங்கம் கொண்டுபோகும். ஒரே குறை பல பேருக்கு இருந்தால் எல்லோரும் தனித்தனி மனு கொடுத்து, சங்கம் ஒரு பட்டியலாகத் தொகுத்துக் கொடுப்பதே வலு. பத்துப் பேர் கையெழுத்திட்ட ஒரே மனு அலுவலகத்தில் ஒரு கோப்பில் அடங்கிவிடும், யாருடைய பதிவேட்டிலும் ஏறாது.

கோப்பு எங்கே நிற்கிறது என்றே தெரியவில்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. 'ஏன் தாமதம்?' என்று கேட்டால் பதில் வராது, அது தகவல் அல்ல. 'இன்ன நாளிட்ட என் மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் குறிப்பின் நகல்' என்று கேளுங்கள்.

மெமோ வந்தால்

கையில் வாங்கும்போது பெற்ற நாளையும் நேரத்தையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். வாங்க மறுப்பது எந்தப் பலனையும் தராது. காலவரம்பு நீங்கள் பெற்ற நாளிலிருந்து ஓடத் தொடங்கும். வெறும் விளக்கம் கேட்கும் கடிதமா, அல்லது தமிழ்நாடு குடிமைப் பணிகள் (ஒழுங்கு மற்றும் மேல்முறையீடு) விதிகளின் 17(அ) பிரிவிலா, 17(ஆ) பிரிவிலா வந்த குற்றச்சாட்டா என்று பாருங்கள். 17(ஆ) என்றால் முறையான விசாரணை உண்டு, பெரிய தண்டனை வரக்கூடும். அன்றைக்கே சங்கத்தின் மாவட்டப் பொறுப்பாளரிடம் நகலைக் காட்டுங்கள். குற்றச்சாட்டின் ஆதார ஆவணங்களைக் கேட்டுப் பெறவும், அவகாசம் கோரவும் உங்களுக்கு உரிமை உண்டு.

கோபத்தில் எழுதும் விளக்கம்தான் இங்கே பெரிய கேடு. மெமோ தந்தவரின் குறைகளைப் பட்டியலிடும் விளக்கம் புதிய குற்றச்சாட்டுக்கு வித்திடும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் எண்வாரியாக, தேதியோடு, ஆவணத்தோடு பதில் எழுதுங்கள்.

பாலியல் துன்புறுத்தல் புகார் என்றால் சங்கத்தில் பேசித் தீர்க்க முயல்வது தவறு. சட்டப்படி நிகழ்வு நடந்த மூன்று மாதத்துக்குள் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவாகப் பணிபுரியும் இடமென்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். பாதிக்கப்பட்டவர் உறுப்பினர், குற்றம் சாட்டப்பட்டவர் பொறுப்பாளர் என்ற நிலையில்கூட அந்தப் புகாரைத் தடுக்காத சங்கமே மதிப்புக்குரியது.

மாறுதல், முன்னுரிமை, போராட்டம்

தென் மாவட்டங்களிலிருந்து வந்து இங்கே பணியேற்றவர்களுக்கு மாறுதல் கலந்தாய்வுதான் ஆண்டின் முக்கிய நிகழ்வு. விண்ணப்பம் எமிஸ் தளத்தில். சங்கங்கள் காலிப் பணியிடப் பட்டியலைச் சேகரித்து, வெளியான பட்டியலோடு ஒப்பிட்டு, விடுபட்ட இடங்களைக் கேட்கும். உங்கள் பங்கு, முன்னுரிமைப் பட்டியல் வெளியானதும் பெயர், பணியேற்ற நாள், முன்னுரிமைக் காரணம் ஆகியவற்றைச் சரிபார்த்து, ஆட்சேபணைக்குக் கொடுத்த நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிப்பது. கலந்தாய்வு நாளன்று வந்து சொன்னால் யாராலும் திருத்த முடியாது.

தொடக்கக் கல்வியில் இருப்பவர்கள் அரசாணை 243ஐ ஒருமுறை முழுதாகப் படியுங்கள். 2023 டிசம்பர் 21ஆம் தேதி வந்த அந்த ஆணை ஒன்றிய அளவில் இருந்த பணிமூப்பை மாநில அளவுக்கு மாற்றியது. டிட்டோஜாக் அதை எதிர்த்துப் போராடியது. உங்கள் பதவி உயர்வு எந்தப் பட்டியலிலிருந்து வரும் என்பதே அதில் அடங்கியிருக்கிறது. அதேபோல், 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருப்பவர்கள் இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றும், பதவி உயர்வுக்கும் அது தேவை என்றும் அந்தத் தீர்ப்பு சொன்னது. சங்கம் நீதிமன்றத்திலும் அரசிடமும் போராடட்டும், நீங்கள் தேர்வுக்கும் படியுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதில் முரண்பாடு ஏதுமில்லை.

வேலைநிறுத்த அழைப்பு வரும்போது முடிவு உங்களுடையது. ஆனால் வரலாறு தெரிந்து முடிவெடுங்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களும் அரசு ஊழியர்களும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணிநீக்கம் செய்யப்பட்டார்கள். பெரும்பாலோர் பின்னர் பணிக்குத் திரும்பினாலும், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று அந்தப் பணிநீக்கம் தொடர்பான வழக்கில் 2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2019 ஜனவரியில் ஜாக்டோ-ஜியோ நடத்திய போராட்டத்திலும் பல ஆசிரியர்கள் மீது நடவடிக்கை வந்தது. தகுதிகாண் பருவத்தில் இருப்பவருக்கு இடர் அதிகம். மாலைநேர ஆர்ப்பாட்டம், விடுமுறை நாள் பேரணி, தற்செயல் விடுப்புப் போராட்டம், தொடர் வேலைநிறுத்தம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் விளைவு வேறு. அழைக்கிறவரிடம் இதைத் தெளிவாகக் கேளுங்கள்.

தனியார் பள்ளி ஆசிரியர்கள்

ஓசூரைச் சுற்றிப் பணிபுரியும் ஆயிரக்கணக்கான தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கு வலுவான சங்கம் இல்லை என்பது உண்மை. நியமன ஆணை, ஊதியச் சீட்டு, வருங்கால வைப்புநிதி எண் ஆகிய மூன்றையும் சேர்ந்த மாதத்திலேயே கேட்டு வாங்குங்கள். பணிக்கொடை ஆசிரியர்களுக்கும் உண்டு. பணிக்கொடைச் சட்டத்துக்கு 2009இல் வந்த திருத்தம் 1997 ஏப்ரல் 3 முதல் ஆசிரியர்களை உள்ளே கொண்டுவந்தது, அதை 2022இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. நியமன ஆணை இல்லாதவருக்குப் பணியாற்றிய ஆண்டுகளை நிறுவுவதே பெரும் பாடு. பாடச் சங்கங்களோ தனியார் பள்ளி ஆசிரியர்களையும் வேறுபாடின்றிச் சேர்த்துக்கொள்கின்றன.

பாடச் சங்கங்கள் தருவது

கணித ஆசிரியர் என்றால் 1965இல் தொடங்கிய, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் இருக்கிறது. இதழ் நடத்துகிறது, ஆண்டு மாநாடு கூட்டுகிறது, மாணவர்களுக்குத் தேசியக் கணிதத் திறன் போட்டி வைக்கிறது. ஆங்கில ஆசிரியர்களுக்கு எல்டாய் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்திய ஆங்கில மொழி ஆசிரியர் சங்கம். இது 1974இல் தொடங்கியது. இயற்பியலுக்கு 1984இல் தொடங்கிய இந்திய இயற்பியல் ஆசிரியர் சங்கம். ஒலிம்பியாடுக்கான முதல் கட்டத் தேர்வை நடத்துவது அதுதான். பள்ளி அளவில் எல்லோருக்கும் திறந்திருப்பது 1980இல் உருவான தமிழ்நாடு அறிவியல் இயக்கம்.

சேர்ந்ததும் பேச்சாளராக வேண்டும் என்றில்லை. முதல் ஆண்டு இதழை வாசியுங்கள், ஒரு பயிலரங்குக்குப் போங்கள், மாணவரை ஒரு போட்டிக்கு அழைத்துப் போங்கள். மூன்றாவதுதான் மிக எளிய வாசல். 1993 முதல் நடக்கும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயதுப் பிள்ளைகள் உள்ளூர்ச் சிக்கல் ஒன்றை ஆய்ந்து அறிக்கை தருவார்கள், வழிகாட்டி ஆசிரியர் நீங்கள்.

தருமபுரிக்குத் தலைப்பைத் தேடி அலைய வேண்டியதில்லை. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளூரைடு நிலத்தடி நீரில் அதிகம் என்பதால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் மற்றும் ஃபுளூரோசிஸ் தணிப்புத் திட்டமே வந்தது. பிள்ளைகள் தங்கள் ஊரில் ஐந்து ஆழ்துளைக் கிணறுகளையும் இரண்டு குழாய்களையும் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் நீர் எடுத்து, இடமும் நாளும் எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கலாம். கண்ணாடிப் புட்டி வேண்டாம், ஃபுளூரைடு கண்ணாடியோடு வினைபுரியக்கூடியது. இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு நீர் இல்லையென்றால் 1.5 வரை. வந்த எண்களை ஊர் வரைபடத்தில் குறித்தாலே நல்ல ஆய்வு. கிருஷ்ணகிரியில் மாந்தோப்புகளில் பூவுதிர்வு, மலையூர்களில் கேழ்வரகும் சாமையும் குறைந்து வருவது என்று எடுத்துக்கொள்ளலாம். மாவட்ட அளவில் தோற்கும் திட்டங்களில் பெரும்பாலானவை ஒரே தவறைச் செய்கின்றன: இணையத்திலிருந்து எடுத்த பொதுத் தகவல் பத்துப் பக்கம், சொந்த அளவீடு அரைப் பக்கம். நடுவர்கள் பிள்ளையிடம் 'இந்த எண் எப்படி வந்தது?' என்றுதான் கேட்பார்கள்.

இரண்டாம் மூன்றாம் ஆண்டில் மாநாட்டுக் கட்டுரை எழுதலாம். அதற்குப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். தளி, கெலமங்கலம் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் தமிழ் வகுப்பில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு நீங்கள் தினமும் செய்யும் ஏதோ ஒன்றே கட்டுரைக்குப் பொருள். வீட்டுச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் இணைந்த 20 சொல் பட்டியல் ஒன்றைத் தயாரியுங்கள். தொடங்கும் முன் ஒரு சிறு தேர்வு வைத்து விடைத்தாளைப் பத்திரப்படுத்துங்கள். தினம் பத்து நிமிடம் என்று ஆறு வாரம் செய்யுங்கள். அதே தேர்வை மீண்டும் வையுங்கள். எத்தனை பிள்ளைகள் முன்னேறினார்கள் என்பதோடு, யாருக்குப் பலன் தரவில்லை என்பதையும் எழுதுங்கள். பின்னதை எழுதும் கட்டுரைக்கு மதிப்பு அதிகம். சுருக்கத்தை மாநாட்டுக் குழு கேட்ட சொல் அளவுக்குள் அடக்குங்கள், தாண்டினால் படிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். மாநாட்டுக்குப் போகத் தலைமை ஆசிரியர் வழியாக முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள், திரும்பி வந்ததும் பங்கேற்புச் சான்றின் நகலைப் பள்ளியில் கொடுங்கள்.

பாராட்டும் விருதும்

அரசு தரும் விருதில் மாநில அளவில் முக்கியமானது டாக்டர் இராதாகிருஷ்ணன் விருது. நல்லாசிரியர் விருது என்று ஊர் சொல்வது இதைத்தான். வெள்ளிப் பதக்கம், பாராட்டுச் சான்றிதழ், 10,000 ரூபாய். மாவட்டக் குழு பரிசீலித்து மேலே அனுப்பும். தேசிய அளவில் 1958 முதல் வழங்கப்படும் தேசிய நல்லாசிரியர் விருதுக்கு வெள்ளிப் பதக்கம், சான்றிதழ், 50,000 ரூபாய். செப்டம்பர் 5 அன்று தருவார்கள். 2018இல் விதிகள் மாறியபின் ஆசிரியரே இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அதன்பின் மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசிய நடுவர் குழு என்று மூன்று படிகள். ஒப்பந்த ஆசிரியர்களும் தனிப்பயிற்சி நடத்துகிறவர்களும் தகுதி பெற மாட்டார்கள். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் எந்த விருதுக்கும் பெயர் நகராது.

சங்கம் விருது வாங்கித் தரும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். தேர்வுக் குழுவில் அதற்கு வேலை இல்லை. அறிவிப்பு வந்த அன்றே தகவல் சொல்வது, ஏற்கெனவே விருது பெற்றவரை உங்கள் விண்ணப்பத்தைப் படித்துப் பார்க்கச் செய்வது, சுருக்கமாக எழுதக் கற்றுத் தருவது ஆகியவற்றைத் தாராளமாகக் கேளுங்கள். வட்டாரக் கிளை நடத்தும் பாராட்டு விழாவையும் குறைத்து நினைக்கக் கூடாது. மலையூர் ஓராசிரியரின் உழைப்பை மற்ற ஆசிரியர்கள் அறிவது பெரும்பாலும் அந்த மேடையில்தான்.

கோப்பைப் பணியில் சேர்ந்த ஆண்டிலிருந்தே தொடங்குங்கள். ஆண்டுக்கு ஒரு உறை போதும். அதில் இவை இருக்கட்டும்: சேர்க்கை எண்ணிக்கை, இடைநின்று திரும்பி வந்த பிள்ளைகளின் விவரம், கற்றல் அடைவு ஆண்டுத் தொடக்கத்திலும் இறுதியிலும், பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மான நகல், ஊரார் செய்த உதவிக்கு ரசீது, நீங்கள் வழிகாட்டிய போட்டிகள், எழுதிய கட்டுரைகள். படங்கள் பின்னால் நாள், இடம், என்ன நிகழ்வு என்று எழுதியவை பத்து போதும். நாளில்லாத இருநூறு படங்களை நடுவர் புரட்டக்கூட மாட்டார். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வெளியில் அனுப்புமுன் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் நடப்பது என்ன? செய்ததையெல்லாம் எழுதுகிறார்கள், விளைவை எழுதுவதில்லை. 'மரம் நட்டோம், பேரணி நடத்தினோம், கலைநிகழ்ச்சி வைத்தோம்' என்று பட்டியல் நீளும். '2021இல் ஐந்தாம் வகுப்பு முடித்த 18 பேரில் 11 பேர் ஆறாம் வகுப்புக்குச் சேர்ந்தார்கள், 2024இல் 17 பேரும் சேர்ந்தார்கள்' என்பதுபோல் ஒரு வரி அந்தப் பட்டியல் முழுவதையும்விட வலியது. அந்த எண்களுக்குச் சேர்க்கைப் பதிவேட்டின் நகல் இணைப்பாக இருக்க வேண்டும். குழு பள்ளிக்கு நேரில் வந்து பார்க்கக்கூடும்.

கடைசியாக, பணம் கேட்கும் விருதுகள். 'சிறந்த ஆசிரியர்', 'கல்விச் செம்மல்' என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் அழைப்பு வரும். தேர்ந்தெடுக்கப்பட்டீர்கள் என்பார்கள், பிறகு பதிவுக் கட்டணம், கேடயச் செலவு, விழா மலர் விளம்பரம் என்று ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். தேர்வுக் குழுவில் யார் இருக்கிறார்கள், எந்த ஆவணத்தைப் பார்த்துத் தேர்ந்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. இவை பணிப்பதிவேட்டில் ஏறா, அரசு விருதுக் குழுவிலும் மதிப்பெண் பெறா. கோப்பில் இவற்றைச் சேர்ப்பது உண்மையான சான்றுகளின் எடையையும் குறைத்துவிடும். அந்தத் தொகையைப் பாடச் சங்கத்தின் ஆயுள் சந்தாவுக்குக் கட்டுங்கள். அதற்கும் ரசீது வாங்கி உறையில் போடுங்கள்.